மாறுகொளக் கூறலும் இக்திலாஃபும்: திருக்குர்ஆனின் அகமுரண் பற்றிய விவாதமும் மொழிபெயர்ப்பும்

நூலுக்குரிய சிதைவுகளை எண்ணுமிடத்துத் தொல்காப்பிய மரபியல் 'கூறியது கூறல்' என்பதனை அடுத்து 'மாறுகொளக் கூறல்' என்பதனை வைக்கிறது. நன்னூலாரும் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக இதனைக் கொண்டார். முன் சொன்னதனோடு பின் சொன்னது பொருந்தாது நிற்றல் நூலாசிரியனின் குறை. அத்தகைய இடம் வருமாயின் அது மெய்யான மாறுகோளா, வெறுந்தோற்றமா என்று ஆய்தல் உரையாசிரியனின் கடன். ஆயினும், இக்குற்றம் தன்பால் இல்லை என்று ஒரு நூல் தானே அறிவித்து, அதனையே தன் தோற்றத்துக்குச் சான்றாகவும் முன்வைப்பது அரிது. திருக்குர்ஆன் அவ்வாறு செய்கிறது. நான்காம் அத்தியாயத்தின் 82ஆம் வசனம், இவ்வேதத்தை ஆழ்ந்து சிந்திக்குமாறு கேட்போரை அழைத்து, இது இறைவன் அல்லாத பிறரிடமிருந்து வந்திருப்பின் இதில் மிகுதியான 'இக்திலாஃப்' காணப்பட்டிருக்கும் என்னும் கருத்தைக் கூறுகிறது. மறுப்போர் அத்தகைய இடங்களைத் தேடுவதற்கும், ஏற்போர் அவற்றை விளக்குவதற்கும் இவ்வசனமே களம் அமைத்துத் தந்தது.

பதின்மூன்று நூற்றாண்டுகளாக நடந்துவரும் இவ்விவாதத்தில் அடிபடுபவை பெரும்பாலும் அரபு மொழியின் சிறு சொற்களே: ஓர் இணைப்பிடைச்சொல், ஒரு துணைவினை, ஒரு வேற்றுமை ஈறு. தமிழில் இவ்விவாதம் நிகழும்போது இரு தரப்பாரின் கையிலும் இருப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. மூலத்தில் இடறும் இடம் தமிழில் சமதளமாகிவிடுவதும், மூலத்தில் இருபொருள் பட நின்ற தொடர் தமிழில் ஒரு பொருளே பட்டு மாறுகோளாக முளைப்பதும் உண்டு. அவ்வாறு நேரும் சில இடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. வேதம் முரணற்றதா என்னும் சமய வினாவுக்கு விடையிறுத்தல் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இக்திலாஃப் என்னும் சொல்

முதற்சிக்கல் அந்த 82ஆம் வசனத்திலேயே உள்ளது. இக்திலாஃப் என்பதற்கு வேறுபாடு, மாறி மாறி வருதல், கருத்து மாறுபாடு எனப் பல பொருள்கள் உண்டு. இரவும் பகலும் மாறி வருதலைக் குறிக்கவும் (2:164, 3:190), மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபடுதலைக் குறிக்கவும் (30:22) திருக்குர்ஆன் இச்சொல்லையே ஆளுகிறது. அவ்விடங்களில் இக்திலாஃப் இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. மொழிகளின் வேறுபாடு இறைச்சான்று என்னும் கருத்து மொழியியலார்க்கு உவப்பானதே. அளவையியலில் முரண் என்பதைக் குறிக்கப் பின்னாளில் வழங்கிய கலைச்சொல் 'தனாகுள்' என்பதாகும். அதன் வேர்வினை முறுக்கிய நூலைப் பிரித்தல், கட்டியதை அவிழ்த்தல் என்னும் பொருளது. தான் நூற்ற நூலைத் தானே பிரித்தெறியும் பெண்ணைப் பற்றிய உவமையில் (16:92) அவ்வினை வருகிறது. ஆனால் தனாகுள் என்னும் வடிவம் திருக்குர்ஆனில் இல்லை. 889இல் மறைந்த இப்னு குதைபா, திருக்குர்ஆனின் அரிய இடங்களை விளக்கும் தம் நூலில் இவ்விரு சொற்களையும் இணைத்தே ஓர் இயலுக்குத் தலைப்பிட்டார். அவர் காலத்துக்குள் இக்திலாஃப் என்பது தனாகுள் என்பதன் பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்பதனை அத்தலைப்பே காட்டுகிறது.

தமிழில் இவ்விடத்து 'முரண்பாடு' என்றே எழுதும் வழக்கம் பரவியுள்ளது. பொருள் பிழையன்று; ஆனால் குறுகிவிடுகிறது. 1144இல் மறைந்த ஸமக்ஷரீ போன்ற உரையாசிரியர்கள், நடையின் தரம் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் நிற்றலையும் இக்திலாஃபினுள் அடக்கினர். 'முரண்பாடு' என்றவுடன் நடைச்சமன் பற்றிய அப்பொருள் விலகிப்போக, வசனம் ஓர் அளவையியல் சோதனையாக மட்டும் எஞ்சுகிறது. 'வேறுபாடு' என்று எழுதினால் மறுதலைச் சிக்கல்: ஒரே செய்தி வெவ்வேறு அத்தியாயங்களில் வெவ்வேறு சொற்களில் வருவதும் வேறுபாடுதானே என்று படிப்பவர் கேட்கலாம். தமிழிலும் முரண் தொடையாக வந்தால் அழகு, மாறுகோளாக வந்தால் குற்றம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஒருவர் கேட்ட நான்கு கேள்விகள்

870இல் மறைந்த புகாரியின் நபிமொழித் தொகுப்பில், 41ஆம் அத்தியாயத்துக்குரிய விளக்கப் பகுதியில் ஓர் உரையாடல் பதிவாகியுள்ளது. ஸஈத் இப்னு ஜுபைர் வழியாக வரும் அச்செய்தியின்படி, ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் வந்து, குர்ஆனில் சில இடங்கள் தமக்கு மாறுபட்டுத் தோன்றுவதாகக் கூறினார். அவர் பயன்படுத்திய வினையும் இக்திலாஃபின் வேரிலிருந்தே பிறந்தது. பின்வந்த விளக்கவுரையாளர்கள் அவரை, காரிஜிய்யாக்களின் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிய நாஃபிஉ இப்னுல் அஸ்ரக் எனக் கருதினர். இப்னு அப்பாஸ் மறைந்த ஆண்டு 687. ஆகவே இவ்விவாதம் வெளியார் எழுப்பிய ஒன்றாகத் தொடங்கவில்லை. வேதத்தை ஏற்றவர்களின் முதல் தலைமுறைகளுக்குள்ளேயே எழுந்தது.

அவர் கேட்டவை நான்கு. மறுமை நாளில் மக்கள் ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள் என்று ஓரிடத்திலும் (23:101), கேட்டுக்கொள்வார்கள் என்று மற்றோரிடத்திலும் (37:27) வருகிறது. இறைவனிடம் அவர்கள் எதனையும் மறைக்கமாட்டார்கள் என்று ஓரிடத்தில் உள்ளது (4:42). தாங்கள் இணைவைத்ததில்லை என்று அவர்கள் சத்தியம் செய்வதாக மற்றோரிடத்தில் உள்ளது (6:23). வானத்தை அமைத்த பின் பூமி விரிக்கப்பட்டது என்று ஓரிடமும் (79:27–30), பூமி படைக்கப்பட்ட பின் வானம் அமைக்கப்பட்டது என்று ஓரிடமும் (41:9–11) கூறுகின்றன. நான்காவது, இறைவன் மன்னிப்பவனாக இருந்தான், வல்லவனாக இருந்தான் என்று இறந்தகாலத்தில் வருவது. அங்ஙனமாயின் முன்பு இருந்து பின்பு இல்லாமற்போயிற்றா என்பது கேள்வி.

முதல் மூன்றும் இரண்டிரண்டு வசனங்களுக்கு இடைப்பட்டவை. நான்காவது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. மொழிபெயர்ப்பாளருக்கு மிகுதியும் பயன்படுவது அதுவேயாதலின் முதலில் கொள்ளத்தக்கது.

கான: இருந்தானா, இருக்கிறானா?

இறைப்பண்புகளைக் கூறும் வசன ஈறுகள் பலவற்றில் 'கான' என்னும் வினை வருகிறது. வடிவத்தால் இது முற்றுற்ற இறந்தகாலம். இப்னு அப்பாஸ் அளித்த விடையின் சாரம்: இறைவன் தனக்கு அப்பெயர்களைச் சூட்டிக்கொண்டான், அவன் என்றும் அவ்வாறே உள்ளான் என்பதே கூற்றின் பொருள். பிற்கால இலக்கணிகள் இதனை வகைப்படுத்தினர். 1505இல் மறைந்த சுயூத்தி, குர்ஆனில் 'கான' ஐந்து வகைப் பொருளில் வரும் என்னும் முன்னோர் கருத்தை எடுத்துக் காட்டுகிறார்: தொடக்கமும் முடிவும் அற்ற நிலை, முடிந்துபோன இறப்பு, நிகழ்வு, எதிர்வு, 'ஆயிற்று' என்னும் மாற்றப்பொருள். ஐந்தனுள் எது என்பதனை வடிவம் சொல்லாது, இடமே சொல்லும்.

தமிழில் இவ்விடம் பெரும்பாலும் 'மன்னிப்பவனாக இருக்கிறான்' என்பது போன்ற நிகழ்காலத் தொடராகவே வருகிறது. தமிழ் இலக்கணமும் இதற்கு இசைவு தருகிறது. முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தால் கூறுதல் வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியலிலும் நன்னூலிலும் உள்ள விதி. 'மலை நிற்கும்' என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அரபு மொழி என்றுமுள்ள பண்பை இறந்தகால வடிவில் வைக்க, தமிழ் அதனை நிகழ்காலத்தில் வைக்கிறது. ஒவ்வொரு மொழியும் தன் விதிப்படி நடந்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் பிழை எதுவும் செய்யவில்லை.

சிக்கல் வேறோரிடத்தில் தலைகாட்டுகிறது. குர்ஆனைத் தமிழில் மட்டும் படித்த ஒருவர், மேற்குறித்த உரையாடலையும் தமிழில் படிப்பதாகக் கொள்வோம். அங்கே கேள்வி கேட்டவர், இறைவன் மன்னிப்பவனாக 'இருந்தான்' என்று ஏன் வருகிறது என வினவுகிறார். படிப்பவர் தம் கையிலுள்ள தமிழ்க் குர்ஆனைப் புரட்டினால் 'இருக்கிறான்' என்றே காண்பார். கேள்வி பொருளற்றதாகவும், கேட்டவர் வேண்டுமென்றே குறை கூறுபவராகவும் தோன்றுவர். மொழிபெயர்ப்பு ஐயத்தைத் தீர்த்துவிட்டது. தீர்த்ததோடு, அப்படி ஓர் ஐயம் எழுந்ததற்கான அடையாளத்தையும் அழித்துவிட்டது. உரையாசிரியர் ஐயத்தை எழுப்பி விடை கூறுகிறார். மொழிபெயர்ப்பாளர் விடையை மட்டும் எழுதிச் செல்கிறார். இதனைத் தவிர்க்கும் வழி தமிழிலேயே உண்டு. 'இறைவன் மன்னிப்போன்' என வினையின்றிப் பெயர்ப் பயனிலையாக முடித்தால் காலம் வெளிப்படாது. ஆயினும் 'கான' இல்லாமலே அரபில் பெயர்ப் பயனிலையாக வரும் வசனங்களும் பல. இரண்டையும் ஒரே தமிழ்த் தொடரால் தந்தால் வடிவ வேற்றுமை மறையும். ஒரு பக்கம் இழக்காமல் மறுபக்கம் பெற இயலாத இடம் இது. அடிக்குறிப்பு ஒன்றே துணை.

கேட்டலும் கேண்மையும்

முதல் ஐயத்துக்கு இப்னு அப்பாஸ் கால வேறுபாட்டால் விடை தந்தார்: கேட்கமாட்டார்கள் என்பது எக்காளம் முதன்முறை ஊதப்படும்போது, கேட்பார்கள் என்பது பின்னர் ஊதப்பட்ட பிறகு. இதனோடு சொற்பொருள் வழியாகவும் ஒரு விளக்கம் காண இடமுண்டு. இவ்விடத்து வரும் வினை பரிமாற்றப் பொருள் தரும் வடிவினது. அதற்கு 'ஒருவரையொருவர் வினவுதல்' என்பதும் 'ஒருவரிடம் ஒருவர் வேண்டுதல்' என்பதும் பொருளாகும். 23:101இல் இவ்வினைக்குச் சற்று முன்னே அந்நாளில் உறவுமுறைகள் இரா என்னும் கருத்து உள்ளது. 4:1இலும் இவ்வினை, இறைவன் பெயரைச் சொல்லி ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்வதையும், உடனே கருப்பை உறவையும் சார்ந்து வருகிறது. எனவே 23:101 மறுப்பது உறவைக் காட்டி உதவி கோருவதையே எனக் கொண்டால், 37:27இல் வரும் வினவுதலோடு அது மோதாது.

தமிழின் 'கேள்' என்னும் வினைக்கும் இவ்விரு பொருளும் உள்ளன. வழி கேட்கிறோம், கடனும் கேட்கிறோம். போதாக்குறைக்குக் 'கேள்' என்பதற்கு உறவு என்னும் பொருளும் உண்டு. 'கேளிர்' அதன்வழி வந்தது. இரு மொழிகளின் சொற்கள் இவ்வளவு ஒத்துப்போவது அரிய வாய்ப்பு. 'கேட்டுக்கொள்ளமாட்டார்கள்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் இருபொருளையும் அப்படியே காக்கிறார். 'விசாரித்துக்கொள்ளமாட்டார்கள்' என்று எழுதுபவர், நடை மெருகு கருதி மாற்றினாலும், வேண்டுதற்பொருளை அடைத்துவிடுகிறார். 37:27உடன் மோதல் அப்போது தமிழில் உறுதியாகிறது. எளிய சொல்லே செறிந்த சொல்லாக அமைந்த இடம் இது.

இரண்டாம் ஐயத்தில் இப்னு அப்பாஸ் கூறிய விடை நிகழ்ச்சி வரிசையைச் சார்ந்தது: அவர்கள் மறுப்பர், வாய்கள் முத்திரையிடப்படும், கைகள் பேசும், அப்போது எதுவும் மறைக்கப்படாது. சிலர் இணைப்பிடைச்சொல்லின் வழியே வேறு விடை கண்டனர்: 'மறைக்கமாட்டார்கள்' என்பது தனிக்கூற்று அன்று, முன்னுள்ள விருப்பத்தின் தொடர்ச்சி, தாங்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கலாகாதா, எதனையும் மறைக்காமல் இருந்திருக்கலாகாதா என்று அவர்கள் ஏங்குவர் என்பது அவர்கள் கொண்ட பொருள். இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் தமிழ்த்தொடர் அமைப்பது அரிது.

வானமும் பூமியும்: பின்னர், பின்னும்

மூன்றாம் ஐயமே மிகுதியாக எழுதப்பட்டது. 41:11இலும் 2:29இலும் பூமியைப் பற்றிய செய்திக்குப் பின் 'ஸும்ம' என்னும் இடைச்சொல்லால் வானம் தொடர்கிறது. 79:30இலோ வானத்துக்குப் பின் 'பஅத தாலிக', அதாவது 'அதன் பின்' என்று பூமி வருகிறது. இப்னு அப்பாஸ் வினைச்சொற்களைப் பிரித்துக் காட்டினார்: முன்னதில் உள்ளது படைத்தல், பின்னதில் உள்ளது 'தஹா', விரித்தல். பூமி படைக்கப்பட்டது, வானம் அமைக்கப்பட்டது, பின்னர் பூமி நீரும் மேய்ச்சலும் வெளிப்படுமாறு விரிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் இவ்விரு வினைகளுக்கும் 'அமைத்தான்' என்று ஒரே சொல்லை ஆண்டால் இவ்விளக்கம் நிற்க இடமில்லை. ('தஹா' என்பதற்கு 'முட்டை வடிவாக்கினான்' என்று பொருள் கூறும் புதுவழக்கம் 20ஆம் நூற்றாண்டுச் சமயவாத நூல்களில் பரவியது. அகராதிகள் கூறுவது நெருப்புக்கோழி முட்டையிடக் காலால் மணலைப் பரப்பிச் சமன் செய்யும் இடம், முட்டையை அன்று. வேதத்தைக் காக்க விழைந்து மொழியை வளைத்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.)

மற்றொரு சாரார் இடைச்சொற்களின் பொருளை ஆய்ந்தனர். 'ஸும்ம' எப்போதும் கால வரிசையைக் குறிக்குமா? 90ஆம் அத்தியாயத்தில் அடிமையை விடுவித்தல், பசித்தோர்க்கு உணவளித்தல் ஆகியவற்றுக்குப் பின் 'ஸும்ம' என்று தொடங்கி, நம்பிக்கை கொண்டோருள் ஒருவராதல் கூறப்படுகிறது (90:13–17). நற்செயலுக்குப் பிறகே நம்பிக்கை என்பது கருத்தாகாது. ஆகவே அங்கே அச்சொல் சிறப்பின் ஏற்றத்தைக் குறிக்கிறது என்றனர். 'பஅத தாலிக' என்பதும் 68:13இல் ஒருவனின் இழிகுணங்களை அடுக்கும்போது 'அதற்கு மேலும்' என்னும் பொருளில் வந்துள்ளது.

தமிழில் 'பின்னர்' என்றால் காலம். 'மேலும்' என்றால் கூட்டல். பலரும் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்து முடித்துவிடுகின்றனர். 'பின்னும்' என்னும் பழைய சொல் இரண்டையும் தாங்கும் ஆற்றலுடையது. காலத்தால் பிந்தியதையும், சொன்னதன் மேல் சேர்ப்பதையும் அது உணர்த்தும். இன்றைய உரைநடையில் அருகி வழங்குவது அதன் குறை. ஆனால் வேத மொழிபெயர்ப்பின் நடை சற்றுப் பழமை தோய்ந்திருப்பதைத் தமிழ் வாசகர் குறையாகக் கொள்வதில்லை.

இதே பகுதியில் நாள்கணக்கும் உண்டு. வானமும் பூமியும் ஆறு நாளில் படைக்கப்பட்டன என்று 7:54, 10:3, 11:7 முதலிய பல இடங்கள் கூறுகின்றன. 41:9–12இல் பூமிக்கு இரண்டு, மலைகளும் உணவுவகைகளும் அமையும் பணிக்கு நான்கு, ஏழு வானங்களுக்கு இரண்டு என எண்கள் வருகின்றன. கூட்டினால் எட்டு. உரையாசிரியர்கள், 'நான்கு நாளில்' என்பது முதல் இரண்டையும் உள்ளடக்கிய நான்கின் நிறைவு என்றனர். பஸ்ராவிலிருந்து பாக்தாதுக்குப் பத்து நாளிலும் கூஃபாவுக்குப் பதினைந்து நாளிலும் சென்றேன் என்றால், பதினைந்தினுள் பத்து அடங்கும் என்பது அவர்கள் காட்டும் உவமை.

இவ்வுவமை தமிழிலும் பொருந்துகிறது. 'மதுரையிலிருந்து திருச்சிக்கு மூன்று மணி நேரத்திலும் சென்னைக்கு ஒன்பது மணி நேரத்திலும் வந்தான்' என்றால் யாரும் பன்னிரண்டு எனக் கூட்டமாட்டார். ஆனால் 'கொத்தனார் இரண்டு நாளில் கடைக்கால் போட்டார், நான்கு நாளில் சுவர் எழுப்பினார்' என்றால் ஆறு நாள் என்றே கொள்வோம். பயணத்தில் புறப்பட்ட இடம் ஒன்றே ஆதலின் அளவு தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. தனித்தனிப் பணிகளில் அவ்வாறு எண்ணுவதில்லை. 41:9–10இன் வினைகள் எவ்வகையின என்பதே உண்மையான வினா. உவமை அதனைத் தீர்க்கவில்லை. தனக்கு ஏற்ற வகையைத் தேர்ந்துகொண்டது. உள்ளடக்கி எண்ணும் முறை நான்கோடு நின்று, இறுதி இரண்டுக்கு ஏன் பொருந்தவில்லை என்ற மறுப்பும் எஞ்சுகிறது. அதற்கு விளக்கவுரையாளர் தரும் விடை, வானம் வேறு பொருள் ஆதலின் எண்ணும் புதிதாகத் தொடங்குகிறது என்பது. மொழிபெயர்ப்பாளர் 'ஆக நான்கு நாள்களில்' என்று எழுதினால், 'ஆக' என்னும் ஈரெழுத்துச் சொல் ஓர் உரையாசிரியரின் வேலையை முழுதும் செய்துவிடுகிறது. மூலத்தில் அதற்கு நிகரான சொல் இல்லை. அடைப்புக்குறியுள் இட்டால் நேர்மை. இடாவிட்டால் வாசகர் அதனை வேதவாக்காகவே கொள்வார்.

தமிழில் தெரியாமற்போகும் இடங்கள்

இதுவரை கண்டவை தமிழில் கூர்மையாகக்கூடியவை. அரபு இலக்கணிகளை மிகவும் வருத்திய சில இடங்களோ தமிழில் அடியோடு மறைகின்றன. 2:62, 5:69, 22:17 ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே சமயப் பட்டியலைத் தருகின்றன. 2:62இலும் 22:17இலும் ஸாபியீன்கள் 'ஸாபியீன' என இரண்டாம் வேற்றுமை ஈற்றோடு வர, 5:69இல் 'ஸாபியூன' என எழுவாய் ஈற்றோடு வருகின்றனர். தொடரின் முதலில் நிற்கும் இடைச்சொல்லின் ஆட்சிப்படி முன்னையதே எதிர்பார்க்கத்தக்கது. 8ஆம் நூற்றாண்டின் சீபவைஹி, இது பயனிலை தொக்குநின்ற இடைப்பிறவரல் தொடர் என்றார். 822இல் மறைந்த ஃபர்ரா, முன்னுள்ள சொல் வேற்றுமை ஈறு வெளிப்படாதது ஆதலின் இவ்வாறு வருதல் இயலும் என்றார். 20:63இல் இருமைச் சுட்டு 'ஹாதைனி' என்பதற்குப் பதிலாக 'ஹாதானி' என நிற்கிறது. அபூ அம்ர் 'ஹாதைனி' என்றே ஓதினார். ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதல் முன்னுள்ள இடைச்சொல்லை இலேசாக்கிச் சிக்கலைத் தவிர்க்கிறது. வேறு சிலர், எல்லா வேற்றுமையிலும் இருமையை ஒரே ஈற்றால் கூறும் குலவழக்கு ஒன்றைச் சான்றாகக் காட்டினர்.

இவை எழுதுவோரின் பிழை என்று ஆயிஷா கூறியதாகவும், படியில் உள்ள வழுவை அரபியர் தம் நாவால் திருத்திக்கொள்வர் என்று உதுமான் கூறியதாகவும் அறிவிப்புகள் உண்டு. சுயூத்தி அவற்றை மறைக்கவில்லை. எடுத்தெழுதி, ஏற்பதிலுள்ள இடர்களை விவாதிக்கிறார். 1910இல் நோல்டெக்கே குர்ஆனின் மொழிநடை பற்றி எழுதியபோதும், 1988இல் ஜான் பர்ட்டன் மொழிப்பிழைகள் எனக் கூறப்பட்டவற்றை ஆராய்ந்தபோதும், கையாண்ட செய்திகளுள் பல முஸ்லிம் இலக்கணிகளே தொகுத்து வைத்தவை.

தமிழில் எழுவாய்க்கு ஈறு இல்லை. இருமை எண் இல்லை. 'ஸாபியீன்களும்' என எண்ணும்மை கொடுத்துவிட்டால் மூன்று வசனங்களும் ஒன்றுபோல் ஒலிக்கும். 'இவ்விருவரும்' என்றால் 20:63இல் ஐயத்தின் சுவடே இராது. இக்குறையை மொழிபெயர்ப்பாளர் நீக்க இயலாது, நீக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தமிழ் வாதங்களில் நாள்கணக்கு முதன்மை பெற்று, அரபு மரபில் பெரும்பகுதியைக் கவர்ந்த இலக்கணச் சிக்கல்கள் அருகியே பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இடமாற்றம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 6:99இல் வானிலிருந்து நீரை இறக்கியவன் 'அவன்'. உடனே அதனால் பயிர்களை வெளிப்படுத்தியது 'நாம்'. அரபு அணியியலார் இதனை 'இல்திஃபாத்' என்று பெயரிட்டு அணியாகப் போற்றினர். 1992இல் அப்துல் ஹலீம் இதனை வகைதொகை செய்து கட்டுரை வெளியிட்டார். தமிழிலக்கணம் வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதி என மூன்றாவது ஒன்றையும் வகுத்தது. இடவழுவமைதி என்னும் கருத்து கைவசம் உள்ள தமிழ் வாசகருக்கு இல்திஃபாத்தை விளக்குவது கடினம் அன்று. ஆயினும் சில மொழிபெயர்ப்பாளர் தன்மைப் பன்மையைப் படர்க்கையாக்கி ஓட்டத்தைச் சீர்செய்ய முனைகின்றனர். தேவையற்ற உதவி அது.

சட்ட வசனங்களுக்கு இடையிலான வேறுபாடு 'நஸ்க்' என்னும் மாற்றக் கோட்பாட்டால் விளக்கப்பட்டது. கைம்பெண் காத்திருக்கும் காலம் 2:240இல் ஓராண்டு, 2:234இல் நான்கு மாதம் பத்து நாள் என வருவது நன்கறிந்த எடுத்துக்காட்டு. இங்கும் விவாதத்தின் பாதி சொற்பொருள் மாற்றமே. தில்லியின் ஷாஹ் வலியுல்லாஹ் (1703–1762), பாரசீகத்தில் எழுதிய தம் விளக்கவியல் நூலில் இதனைத் தெளிவாகக் காட்டினார்: முன்னோர் பொதுவிதிக்கு விலக்குக் கூறுதல், பொருளை வரையறுத்தல் ஆகியவற்றையும் நஸ்க் என்றே வழங்கினர், அப்பரந்த பொருளில் எண்ணினால் மாற்றப்பட்ட வசனங்கள் ஐந்நூறு வரை செல்லும். பின்னோரின் குறுகிய பொருளில் சுயூத்தி இருபதளவில் நிறுத்தினார். வலியுல்லாஹ் அதனை ஐந்தாகக் குறைத்தார். ஐந்நூறு ஐந்தானது வசனங்கள் மாறியதனால் அன்று, ஒரு கலைச்சொல்லின் எல்லை மாறியதனால். குர்ஆனைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே என்பது இவ்விடத்தில் தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆயிரமும் ஐம்பதாயிரமும்

இறைவனிடத்து ஒரு நாள் ஆயிரம் ஆண்டு என்று 22:47, 32:5 ஆகியவை கூறுகின்றன. ஐம்பதாயிரம் ஆண்டு என்று 70:4 கூறுகிறது. 22:47இல் 'போல' என்னும் உவமவுருபு இருப்பதால் அது கணக்கன்று, ஒப்புமை என்பர். அவ்வுருபு 32:5இல் இல்லை. ஆதலின் அவ்விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒன்று உலகக் காரியங்கள் ஏறிச்செல்லும் நாள், மற்றொன்று தீர்ப்பு நாள் எனப் பிரிப்போர் பலர். இவ்விரு நாள்களைப் பற்றியும் இப்னு அப்பாஸிடம் கேட்கப்பட்டபோது, அவை இறைவன் தன் வேதத்தில் குறிப்பிட்ட இரு நாள்கள். அவற்றை அவனே நன்கறிவான். அறியாததை இறைவேதத்தைப் பற்றிக் கூறத் தாம் விரும்பவில்லை என்று விடையளித்ததாக அறிவிப்பு உள்ளது. முன்னைய நான்கு கேள்விகளுக்கும் தயங்காது விடை கூறியவர் இவரே.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வாறு விலகிக்கொள்ள வழியில்லை. தொடரை எழுதியாக வேண்டும். 32:5, 70:4 இரண்டிலும் நாளின் அளவைக் கூறும் வினை முற்சொன்ன 'கான' என்பதே. 'இருந்தது' என்றால் நடந்து முடிந்த நாள். 'இருக்கும்' என்றால் வரப்போகும் தீர்ப்பு நாள். 'இருக்கிறது' என்றால் எப்போதும் நிகழ்வது. மூன்றும் மூன்று உரைகள். 'அதன் அளவு ஐம்பதாயிரம் ஆண்டு' என வினையின்றி நிறுத்தினால் மூன்றனுள் எதுவும் விலக்கப்படாது. பெயர்ப் பயனிலைத் தொடர் தமிழுக்கு இயல்பாதலின் வாசகருக்கு அது குறையாகவும் தோன்றாது. 'இருக்கிறான்' என எழுதப் பழகிய மொழிபெயர்ப்பாளரின் கைக்கு மட்டும் அது முடியாத தொடர்போல் தோன்றக்கூடும்.